தங்க எழுத்தில் மாமா கோவம்

புதிதாக ஒரு கருவியைக் கற்றுக்கொண்டவனை ஆறு மாதத்துக்கு வீட்டுக்குள் விடக் கூடாது என்பது என் கருத்து. தாராவியில் எங்கள் சந்தில் ஒருவர் டிரில்லிங் மெஷின் வாங்கினார். முதல் வாரம் தன் வீட்டுச் சுவர்களைத் துளைத்தார். இரண்டாம் வாரம் பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டி, "காலண்டர் ஏதும் மாட்டணுமா?" என்று கேட்டார். மூன்றாம் வாரம் யாரும் கேட்காமலேயே பொதுக் குழாய்க்கு மேலே ஒரு துளை போட்டார். அது எதற்கென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எறும்புகள் குடித்தனம் செய்கின்றன.

நானும் அந்த ஜாதிதான். என் கையில் கிடைத்த மெஷின் மட்டும் வேறு. அதன் பெயர் கிட்.

அப்போது நான் வாஷியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரே நிரலில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது, ஒருவர் எழுதியதை இன்னொருவர் மிதித்து நாசமாக்காமல் இருக்க ஏற்பட்டதுதான் இந்தக் கிட். மூலப் பிரதி எல்லோருக்கும் பொதுவான ஓரிடத்தில் இருக்கும். அவரவர் அதிலிருந்து ஒரு கிளை எடுத்துக்கொண்டு, அதில் இஷ்டப்படி திருத்தலாம். எதைத் திருத்தினாலும் காரணம் என்று ஒரு வரி எழுதியாக வேண்டும். மற்றவர்கள் பார்த்துச் 'சரி' என்று சொன்னபின் அந்தக் கிளையை மூலத்தோடு சேர்ப்பார்கள். யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார் என்பது ஒரு வரி விடாமல் பதிவாகியிருக்கும்.

இதைக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எனக்கு உலகமே ஒழுங்கில்லாமல் தெரிய ஆரம்பித்தது. அம்மா ரசத்தில் புளியைக் கூட்டினால், "போன தடவை எவ்வளவுன்னு பதிவு இருக்காம்மா?" என்று கேட்பேன். (அகப்பையால் பதில் வரும்.)

இந்த நிலையில் செல்வி அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மாப்பிள்ளை வீடு பாண்டுப்பில். நல்ல மனிதர்கள். சிக்கல் அங்கே இல்லை, எங்கள் பக்கம்தான். எங்களுக்கு ஒரு பெரியப்பா, ஒரு மாமா. பெரியப்பா, அப்பாவின் அண்ணன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பாவைப் பதினாறு வயதில் கையைப் பிடித்து ரயிலேற்றி பம்பாய்க்குக் கூட்டிவந்தவர். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது சந்தில் குடியிருந்தார். மாமா, அம்மாவின் அண்ணன். அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். இருவரும் நான்கு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை.

காரணம் ஒரு போட்டோ. செம்பூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பால்காய்ப்பில் எல்லோரும் வரிசையாக நின்றபோது, சரியாகக் கேமரா சொடுக்கும் நேரத்தில் பெரியப்பா தோள் துண்டை உதறிப் போட்டார். போட்டோவில் மாமாவின் ஒரு காதும் மீசையில் பாதியும்தான் விழுந்தன. அது வேண்டுமென்றே செய்தது என்பது மாமாவின் கட்சி. துண்டு உதறாமல் எப்படிப் போடுவது என்பது பெரியப்பாவின் கட்சி.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"எலே சுடலை, மாமா வந்து எனக்கு மாலை எடுத்துக் குடுக்கணும். பெரியப்பா மணவறை முன்ன நிக்கணும். ரெண்டுல ஒண்ணு கொறஞ்சாலும் நான் சேலையைக் கட்டிட்டு உள்ளயே உக்காந்துக்கிடுவேன். யாரு பேரு மேல, யாரு பேரு கீழங்கதெல்லாம் எனக்கு வேண்டாம். ஆளு வரணும். அம்புட்டுதான்."

அவள் சும்மா சொல்பவள் இல்லை. சின்ன வயதில் அவளுக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பதினோரு நாளும் ஷிஃப்ட் முடிந்து நேராக அம்பர்நாத்திலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மாமா. அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வரிசையில் நின்றவர் பெரியப்பா. அவளுக்கு இரண்டு பேரும் வேண்டும்.

ஆனால் இருவரும் வருவதும் வராததும் பத்திரிகையைப் பொறுத்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையை முதலிலிருந்து யாரும் வாசிப்பதில்லை. நேராகக் கீழே போய், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்கு அடியில் யார் பெயர் முதலில் என்று பார்ப்பார்கள். அப்புறம்தான் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பது, அதுவும் நேரமிருந்தால்.

"பத்திரிகையை நான் பாத்துக்கிடுதேன்பா" என்றேன்.

அப்பா பட்டறையில் தோல் பைக்கு வார் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "சண்டை வராம இருந்தா சரி."

"சண்டையே வராது. எல்லாம் ஏக்தம் டிரான்ஸ்பரன்ட்."

(குடும்பங்கள் பிழைத்துக் கிடப்பதே எதுவும் டிரான்ஸ்பரன்டாக இல்லாததால்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.)

பத்திரிகை வாசகத்தை ஒரு கோப்பாக எழுதிக் கிட்டில் ஏற்றினேன். பெரியப்பாவின் பிரதிநிதியாக அவர் மகன் கணேசன். செம்பூரில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தான். மாமாவின் பிரதிநிதியாக அவர் மகள் மாரி. அம்பர்நாத்திலேயே ஒரு டிசைன் ஆபீசில் வேலை. இருவருக்கும் தமிழ் பேச்சு தண்ணீர் பட்ட பாடு. வாசிப்பதுதான் எழுத்துக் கூட்டி. ஆங்கில எழுத்தில் தட்டினால் போன் தமிழாக்கிக் கொடுக்கும், அதை வைத்துச் சமாளிப்பார்கள். அப்பாமார் சொல்வதை அவர்கள் ஏற்ற வேண்டும், காரணம் எழுத வேண்டும், இருவரும் 'சரி' போட்ட பிறகு நான் மூலத்தில் சேர்ப்பேன். கடைசிப் பிரதி மாட்டுங்கா அச்சகத்துக்குத் தானாகவே மின்னஞ்சலில் போய்விடும்படி ஓர் ஏற்பாடும் செய்துவைத்தேன். மனிதக் கை படாத பத்திரிகை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். மனித மூளையும் படாது என்று தோன்றவில்லை.

முதல் இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் கணேசன், மாமாவின் பெயரை ஒரு வரி கீழே இறக்கி, தன் அப்பா பெயரை மேலே ஏற்றினான். காரணம் என்ற இடத்தில், 'அப்பா சொன்னாரு' என்று இருந்தது. அரை மணி நேரத்தில் மாரி அதைத் திருப்பிப் போட்டாள். காரணம்: 'எங்க அப்பாவும் சொன்னாரு.' அடுத்தது கணேசனுடையது: 'மூத்தவரு யாரு?' மாரி: 'தாய்மாமன் இல்லாம கல்யாணமா?' கணேசன்: 'பம்பாய்க்குக் கூட்டிட்டு வந்தது யாரு?' மாரி: 'டைபாய்டு.' அந்த ஒரே சொல்தான். ஒன்றரை நாள் கழித்துக் கணேசன் மறுபடி இறக்கினான்: 'அப்பா திரும்பவும் சொன்னாரு.' நான் ஆபீசில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்து, 'ஆகா, எவ்வளவு ஆரோக்கியமான விவாதம்' என்று மகிழ்ந்தேன். அவ்வளவு மடையன்.

மாமா போன் செய்தார்.

"மருமவனே, பத்திரிகைல என் பேரு கீழ கெடக்காம்லா. மெஷின்ல தப்பா விழுந்துட்டோ?"

அவர் எனக்கு ஒரு வாசல் திறந்து வைத்துத்தான் பேசினார். 'ஆமா மாமா, மெஷின் தப்பு' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் கிட்டில் ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு வரியைக் காட்டினால் அதைக் கடைசியாக மாற்றியவர் யார் என்று சொல்லிவிடும். அதன் பெயரே பிளேம், பழி போடுதல். அதைக் கற்று இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

"ஒரு நிமிஷம் மாமா. மெஷின் தப்பே பண்ணாது. இந்தா வந்துட்டு பாருங்க. கணேசன், செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ரெண்டே கால். காரணம், அப்பா திரும்பவும் சொன்னாரு."

"அப்போ அந்த ஆளு சொல்லித்தான் எறக்கிருக்கான்."

"ஆமா மாமா. இதுக்கு முன்னயும் மூணு தடவை எறக்கப் பாத்திருக்கான். அதுவும் பதிவு இருக்கு, வாசிக்கட்டுமா?"

"வாசி."

வாசித்தேன். ஐயா, நானே, என் வாயால், தெளிவான உச்சரிப்பில் வாசித்தேன்.

அதற்குப் பிறகு மாமா தினமும் இரண்டு முறை மாரியின் வழியாகப் புதுப்புது வாசகம் அனுப்பினார். அவருக்கென்று தனியாக இன்னொரு கிளை தொடங்கினேன். கிளைக்கு ஏதாவது பெயர் வைக்க வேண்டும். ஆபீசில் எல்லோரும் விளையாட்டாக ஏதாவது வைப்பார்கள். நானும் ஆங்கில எழுத்தில், சின்னதாக, 'மாமா கோவம்' என்று வைத்தேன். யார் பார்க்கப் போகிறார்கள்?

வியாழக்கிழமை மதியத்துக்குள் வாசகம் வேண்டும், மறுநாளே அச்சடித்துத் தருகிறேன் என்று அச்சக முதலாளி ஜிக்னேஷ் பாய் சொல்லிவிட்டார். அன்று காலை, கணேசனின் திருத்தம் அவன் கிளையில் இருந்தது. மாரியின் திருத்தம் 'மாமா கோவம்' கிளையில் இருந்தது. ஒரு சமரச வாசகம் மனதில் வைத்திருந்தேன்: இருவர் பெயரும் ஒரே வரியில், பக்கத்தில் பக்கத்தில். முதலில் இரண்டு கிளையையும் சேர்ப்போம், பிறகு திருத்துவோம் என்று சேர்க்கச் சொன்னேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரே வரியை இரண்டு பேர் இரண்டு விதமாக மாற்றியிருந்தால் கிட் தீர்ப்புச் சொல்லாது. இரண்டு பேர் எழுதியதையும் அப்படியே கோப்பில் போட்டுவிடும். மேலே இடதுபக்கம் பார்த்த ஏழு அம்புக்குறிகள், அதன் கீழ் ஒருவருடைய வாசகம், நடுவில் சமக்குறிகளால் ஒரு வேலி, அப்புறம் மற்றவருடைய வாசகம், கடைசியில் வலதுபக்கம் பார்த்த ஏழு அம்புகள், அவற்றின் பக்கத்தில் அந்தக் கிளையின் பெயர். 'இந்தா, ரெண்டும் இருக்கு, நீயே பாத்து ஒண்ணை எடு' என்று அர்த்தம். எடுத்துவிட்டு அம்புகளை அழித்துவிட வேண்டும். சேர்ந்த முதல் வாரமே இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள்.

நான் எடுக்கவில்லை. திரையில் 'மோதல்' என்று செய்தி வந்த அதே நொடியில் மானேஜர் கூப்பிட்டார். வாடிக்கையாளருக்குச் செய்து காட்ட வேண்டிய நேரம். ஆபீஸ் பழக்கத்தில் விரல்கள் தாமாகவே 'எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்' என்று தட்டின. காரணம் என்ற இடத்தில், 'எல்லாரும் சமாதானம்' என்று எழுதினேன். கணேசன் வகுப்பில் இருந்தபடியே பார்க்காமல் 'சரி' போட்டான். மாரி பார்க்காமல் 'சரி' போட்டு ஒரு பூவும் போட்டாள். கடிதம் மாட்டுங்காவுக்குப் பறந்தது.

ஜிக்னேஷ் பாய் குஜராத்திக்காரர். அவருடைய டிசைனர் மராட்டிக்காரர். இருவரும் பல வருடமாகத் தமிழ்ப் பத்திரிகை அச்சடிக்கிறார்கள், ஓரெழுத்து வாசிக்கத் தெரியாது. தமிழை அவர்கள் கோலம் மாதிரிதான் பார்ப்பார்கள்; கோலம் வளையாமல் வந்திருந்தால் சரி. அன்று சாயங்காலம் ஹார்பர் லைன் ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது, அச்சுக்கு முன் பார்க்கும் மாதிரியைப் போட்டோவாக அனுப்பினார்கள். கட்டை விரல் நகம் அளவில் பார்த்தேன். மெரூன் நிறம், தங்க அம்புகள், நடுவில் பூ வைத்த ஒரு தங்கக் கோடு. டிசைனர் பிரமாதமாகச் செய்திருக்கிறார் என்று நினைத்து, மூக்கால் 'ஓகே' போட்டேன். (மற்ற கை பையைப் பிடித்திருந்தது. மூக்கு பொய் சொல்லாது என்று நம்பினேன்.)

வெள்ளிக்கிழமை காலையிலேயே அப்பா போய் நானூறு பத்திரிகையை வாங்கிவந்தார். அச்சகத்திலேயே கவருக்குள் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அம்மா கவர்களின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள். முதல் பத்திரிகையைப் பிள்ளையாருக்கு வைத்தார்கள். அவரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஊருக்குப் போகவேண்டிய இருநூறை அப்பா அன்றே கூரியரில் போட்டார். சனிக்கிழமை காலை பெரியப்பா வீட்டுக்கு வைத்துவிட்டு, அப்பாவும் அம்மாவும் வெற்றிலை பாக்குத் தட்டோடு அம்பர்நாத்துக்கு ரயிலேறினார்கள். தாய்மாமன் வீட்டுக்கு நேரில் போய்த்தான் வைக்க வேண்டும்.

நான் வாஷியில் சனிக்கிழமை அரை நாள் வேலையில் இருந்தேன். கணேசனிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. அடியில் ஒரே வரி: 'சுடலண்ணே, கான்ஃப்ளிக்ட் பிரிண்ட் ஆயிட்டு.'

பெரிதாக்கிப் பார்த்தேன். தங்கள் நல்வரவை விரும்பும் என்பதன் கீழே தங்க அம்புகள். பெரியப்பா பெயர், அடுத்து மாமா பெயர். பூ வைத்த கோடு. மாமா பெயர், அடுத்து பெரியப்பா பெயர். மறுபடியும் தங்க அம்புகள். அவற்றின் பக்கத்தில், டிசைனர் தன் கைத்திறனையெல்லாம் காட்டிய வளைந்து நெளிந்த ஆங்கில எழுத்தில், புடைப்பாக, ஜரிகை போல மின்னிக்கொண்டு: மாமா கோவம்.

ஜிக்னேஷ் பாய்க்குப் போன் செய்தேன்.

"அரே சுடலை பாய்! க்யா மஸ்த் டிசைன் தியா!" என்று அவர் பாராட்டினார். இன்னும் இரண்டு பார்ட்டி இதே அம்பு கேட்கிறார்களாம்.

அடுத்து மாரிக்கு.

"மாரி, எங்க அம்மா வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க அத்தான். தட்டை வச்சுட்டாங்க. அப்பா கவரைப் பிரிச்சுட்டாரு."

"வாசிச்சுட்டாரா?"

"இல்ல. கண்ணாடியைத் தேடுறாரு." குரலைத் தாழ்த்தினாள். "கணேசன் எனக்கும் அனுப்புனான். நான் கண்ணாடி மேல உக்காந்திருக்கேன்."

"எந்திரிக்காத! நான் இப்பவே வாரேன்."

"எவ்ளோ நேரம் அத்தான்? கண்ணாடிக் கூடு குத்துது."

வாஷியிலிருந்து தாணே. தாணேயில் வண்டி மாறி அம்பர்நாத். அந்தத் தடத்தில் இத்தனை ஸ்டேஷன்கள் இருப்பதை அன்றுதான் கவனித்தேன். ஒவ்வொன்றிலும் வண்டி நின்று, யோசித்து, கிளம்பியது. நான் மாமாவுக்குச் சொல்ல வேண்டிய விளக்கத்தை ஒத்திகை பார்த்தேன். 'மாமா, இது ஒரு கிளை.' இல்லை. 'மாமா, கோவம்ங்கறது ஒரு டெக்னிகல் வேர்டு.' அதுவும் இல்லை. கல்யாணில் மாரியிடமிருந்து செய்தி வந்தது: 'பக்கத்து வீட்டு அங்கிள் கண்ணாடி குடுத்துட்டாரு. ஸாரி.'

நான் மாடியேறிப் போய் நின்றபோது, அளவில்லாத கண்ணாடி ஒன்று மூக்கு நுனியில் தொங்க, மாமா பத்திரிகையைக் கைநீட்டிப் பிடித்திருந்தார். சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். அப்பாவும் அம்மாவும் கட்டிலில். மாரி நாற்காலியில் அசையாமல் இருந்தாள்.

"வா மருமவனே, நல்ல நேரத்துக்குத்தான் வந்த" என்றார். குரலில் ஒரு திருப்தி. "ரெண்டு மட்டம் போட்டிருக்கியளே. மேல அவரு மொதல்ல, கீழ நான் மொதல்ல. இது யாரு யோசனை? நல்லாத்தான் இருக்கு."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அதென்ன கீழ இங்கிலீஸ்ல?" மாமா பத்திரிகையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். தொழிற்சாலையில் மெஷின்மேல் எழுதியிருப்பதையெல்லாம் வாசித்து வாசித்து, ஆங்கிலத்தை எழுத்தெழுத்தாகப் பிடித்துவிடுவார். "எம்... ஏ... எம்... ஏ. மாமா. கே... ஓ..."

அப்பா தட்டில் இருந்த வாழைப்பழத்தை முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மாமா கோவம்" என்று மாமா வாசித்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இத யாருல போட்டது?"

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அண்ணே, எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. சத்தியமா கவரைக்கூடப் பிரிக்கல."

"நான்தான் மாமா" என்றேன். இந்த முறை கட்டளை எதுவும் தேவைப்படவில்லை. "ஆபீஸ்ல வெளையாட்டுக்கு வைக்க பேரு. அழிக்காம விட்டுட்டேன். அச்சுல போயிட்டு. தப்பு முழுக்க என்னுது. அக்காவுக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. நீங்க என்னை என்ன வேணாலும் பண்ணுங்க. அவளுக்கு மட்டும் மாலை எடுத்துக் குடுக்க வந்துருங்க மாமா."

மாமா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார்.

"மாப்ள, எத்தனை அடிச்சிய?"

"நானூறு."

"ஊருக்குப் போயிட்டா?"

"நேத்தே கூரியர்ல போட்டாச்சு" என்று அப்பா வாழைப்பழத்திடம் சொன்னார்.

மாமா எழுந்து இரண்டு நடை நடந்தார். அந்த அறையில் இரண்டு நடைதான் நடக்க முடியும். ஜன்னலருகே நின்றார்.

"எலே, நெசத்தைச் சொல்லணும்னா நான் கல்யாணத்துக்கு வரக் கூடாதுன்னுதான் இருந்தேன். செல்விக்குச் செய்ய வேண்டியதைக் குடுத்தனுப்பிட்டு, மேலுக்குச் சரியில்லன்னு சொல்லிப் படுத்துக்கிடலாம்னு. இப்ப எப்படில படுக்க? நான் போகலன்னா ஊர்க்காரன் என்ன சொல்லுவான்? 'அதான் பத்திரிகையிலயே போட்டிருந்தாவள, அவரு கோவம்னு'. நானூறு வீட்டுல என்னைச் சின்னப்பயலா ஆக்கிட்டிய. இனி நான் வந்து, எல்லாரு முன்னயும் சிரிச்சிட்டு நின்னாத்தான் என் மரியாதை மிஞ்சும்." திரும்பினார். "மாரி, எந்திரி. என் கண்ணாடியை எடு. எங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்."

அதோடு விடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு அடுத்த வண்டியிலேயே தாராவிக்குக் கிளம்பிவிட்டார். எங்கள் சந்தில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரிடமும் நின்று சிரித்தார். டிரில்லிங் மெஷின்காரரிடம்கூடச் சிரித்தார்; அவருக்கு இவர் யார் என்றே தெரியாது. நேராகப் பெரியப்பா வீட்டுக்கு நடந்து, நான்கு வருடத்துக்குப் பிறகு அந்த வாசலில் செருப்பைக் கழற்றினார். தான் கோபமாக இல்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன?

பெரியப்பா பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணேசன் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கிவிட்டிருந்தான்.

"வாரும்" என்றார் பெரியப்பா. ஒரு நாற்காலியைக் காலால் தள்ளினார். பிறகு என்னிடம் திரும்பினார். "ஏம்ல சுடலை, நான் ஒண்ணு கேக்கேன். அவருக்கு மட்டுந்தான் கோவமா?"

"பெரியப்பா?"

"நாலு வருசமா அவரு எங்கூடப் பேசல, நானும் அவர்கூடப் பேசல. ரெண்டு பேருக்கும் சரிபாதி. அவரு கோவத்துக்குத் தங்க எழுத்து. என் கோவம் எங்கல? ஊர்ல வாசிக்கவன் என்ன நெனப்பான்? மச்சினன்காரன் ரோசக்காரன், இவன் சொரணை கெட்டவன்னு நெனக்க மாட்டான்?"

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் இருந்த பத்திரிகையை எட்டிப் பார்த்தார்.

"அவரு சொல்லுததும் நியாயந்தான்" என்றார் என்னிடம். "ஒருத்தர் கோவத்தைப் போட்டா மத்தவரு கோவத்தையும் போடணும்லா? இதுகூடத் தெரியாம என்னல ஆபீஸ்ல வேலை பாக்க?"

"அத்தான், இவனுக்கு லீவும் குடுத்து ஏசியும் போட்டு வச்சிருக்கானுவ" என்றார் பெரியப்பா. நான்கு வருடத்தில் அவர் மாமாவிடம் சொன்ன முதல் முழு வாக்கியம் அது.

அப்புறம் இருவரும் சேர்ந்து முக்கால் மணி நேரம் என்னைத் திட்டினார்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். என் ஆபீசில் எந்தக் குழுவும் அவ்வளவு ஒத்துழைப்போடு வேலை செய்து நான் பார்த்ததில்லை. பெரியம்மா டீ கொண்டுவந்தார். எனக்குக் கொடுக்கவில்லை.

புதிதாக அச்சடித்துவிடலாம் என்று நான் சொன்னபோது அக்காதான் தடுத்தாள். "ஒண்ணையும் தொடாத. நீ தொட்டாத்தான் கெடுது."

கல்யாணம் நன்றாக நடந்தது. மாமா மாலையை எடுத்துக் கொடுத்தார். அக்கா அந்த இடத்தில் அழுதாள். அவரும் அழுதிருப்பார், ஆனால் இரண்டு நாளாக இடைவிடாமல் சிரித்துச் சிரித்து முகம் அப்படியே நின்றுவிட்டது. போட்டோக்களில் மணமக்களைவிட அவருக்குத்தான் கல்யாணக் களை. பெரியப்பா மணவறை முன் நின்றார், தோளில் துண்டு இல்லாமல். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் எங்கள் அப்பாவை ஓரமாக அழைத்து, பத்திரிகையில் அந்த அம்புகள் என்ன என்று விசாரித்தார். வாழ்நாளில் பொய் சொல்லாத என் அப்பா, "அது முருகனோட வேலு" என்றார். சம்பந்தி அந்தப் பதினான்கு வேல்களையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் ஒரு பத்திரிகையும் அந்த வரி இல்லாமல் அச்சேறியதில்லை. கணேசன் கல்யாணத்தில், மணமகனின் தகப்பனாராக இருந்துகொண்டே பெரியப்பா அடம்பிடித்துத் தன் கோவத்தைப் போடவைத்தார், மாமாவுடையதைவிட ஒரு சுற்றுப் பெரிய எழுத்தில். ஊரிலிருந்து தூரத்துச் சொந்தக்காரர்கள் போன் செய்து, தங்கள் வீட்டு விசேஷத்துக்கும் ஒரு கோவம் போட வேண்டும், பம்பாயில் எந்த அச்சகம் என்று கேட்கிறார்கள். நான் இப்போது ஆபீசில் பத்துப் பேருக்குத் தலைவன். புதிதாகச் சேருபவர்களுக்குக் கிட் சொல்லிக் கொடுப்பது என் வேலை. மோதல் என்ற பாடம் வரும்போது அந்தப் பத்திரிகையைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

போன மாதம் அக்கா மகளுக்குக் காது குத்து. பத்திரிகை வாசகத்தை நானே எழுதி, கிளை கிடையாது, பதிவு கிடையாது, குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். மாமா போன் செய்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு மருமவனே. ஆனா இதுல யாரு கோவத்தையும் காணலயே?"

"இந்தத் தடவை யாருக்கும் கோவம் இல்ல மாமா. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க."

"அப்படி விட்டா விசேஷ வீடு மாதிரி இருக்காதுல. என் பேருல ஒரு கோவத்தைப் போடு. நான் இப்ப ரிட்டயர் ஆயிட்டேன், எனக்கு நேரம் இருக்கு."